அடுத்த அறையில் நேர்காணல்

என்னங்க,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று ஒத்திகை நேர்காணலில் நம் மகளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிவிட்டேன். கேள்வி கேட்டது உங்கள் தங்கை. "அண்ணி, காலேஜ்ல சேரப்போறது நீங்களா, அவளா?" என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

இப்போது அசல் நேர்காணல். கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படித்த பெண்ணைச் சேர்ப்பதா என்று தயங்கும் கல்லூரி, இதை வைத்துத்தான் முடிவெடுக்கும். நான் படுக்கையறையில், சுவரில் காதை ஒட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

"அம்மா பக்கத்துல இல்லாம உன்னால படிக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். பதில் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது.

அப்பாடா, பேசுகிறாள்! "முடியும் மேடம். எங்கம்மாவுக்குத்தான் கஷ்டம்."

அவர்கள் சிரிக்கிறார்கள். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று சுவர் சொல்ல மாட்டேன் என்கிறது.

பார்த்தீர்களா, நான் குறுக்கே போகவே இல்லை! பிள்ளையை அதன் போக்கில் விடும் பக்குவம் எனக்கும் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு வாத்தியாரம்மா

பின்குறிப்பு: இந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் அவள் போய் உட்கார்ந்தாள்.