ஒத்து மட்டும் போதும் என்றாய்

அண்ணா,

இன்று சேவூரில் ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் உட்கார்ந்ததும் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டார். நல்ல கருவிதான், களைக்காது, பிசகாது. அந்த ஒற்றைச் சத்தம் எழுந்ததும் நீ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாய். இப்படியெல்லாம் எழுதுகிறவள் இல்லை நான். நீ போய் ஒரு வருடம் ஆகிறது, அதனால் இருக்கலாம்.

பெரியப்பா நாதஸ்வரம் வாசிக்க, அப்பா பக்கத்தில் நின்று ஒத்து ஊதுவார். முகூர்த்தம் முடியும்வரை ஒரே ஸ்வரம், அறுபடாமல். யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. "ஒத்து ஊதறவன் புள்ள வந்துகினு கீறான் பாரு" என்று பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்வார்கள். எதற்கும் தலையாட்டுகிறவனுக்கும் அதுதானே பெயர்.

சென்னையில் பல வருடம் மற்றவர்களுக்குக் கீபோர்டு வாசித்தபின் நீயே இசையமைக்க உனக்கென்று ஒரு படம் வந்தது. மகன் வரமாட்டான் என்று தெரிந்தும் பஸ் ஸ்டாண்டில் ஒரு தாய் காத்திருக்கும் காட்சி. வயலின்கள் கேட்டார்கள். நீ அப்பாவை வரவழைத்தாய். ஒத்து மட்டும் போதும் என்றாய்.

"என்னா சார், மிக்சி ஓடற மாதிரி கீது? மாத்துங்க. இல்லன்னா ஆள மாத்திடுவேன்" என்றார் தயாரிப்பாளர்.

"ஆள வேணா மாத்திக்கோங்க. இது மாறாது."

நான் போனில், "முதல் படம். வீம்பு பண்ணாத" என்றேன்.

"அடியே காலேஜி, தியேட்டர்ல பார்த்துட்டுப் பேசு" என்றாய்.

இயக்குநர் உன் பக்கம் நின்றார். அப்பாவின் ஒத்து படத்தில் நிலைத்தது.

ஆரணியில் முதல் நாள், நமக்கு நடுவில் அப்பா. அதுவரை விசிலடித்த கூட்டம் அந்தக் காட்சியில் அடங்கியது. வசனம் இல்லை, அப்பாவின் ஒற்றை ஸ்வரம் அரங்கை நிறைத்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் அப்பாவின் கன்னங்கள் உப்பி உப்பி அடங்கின. உட்கார்ந்த இடத்திலேயே ஊதிக்கொண்டிருந்தார்.

கடைசியில் உன் பெயருக்கு அடுத்து, திரையில் தனியாக, 'ஒத்து' என்று போட்டு அப்பாவின் பெயர். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "டேய், நம்ம ஊரு ஒத்துடா!" என்று கத்தினான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அப்பா உன்னிடம், "சுருதி எங்கியும் எறங்கலியேடா?" என்றார்.

"இல்லப்பா."

"அப்ப சரி."

அதன்பிறகு எத்தனை படங்கள், எத்தனை விருதுகள்! அதே தயாரிப்பாளர் உன் வீடு தேடி வந்து, "அந்த மிக்சி சத்தம் வேணும் சார்" என்றாரே, விருதுகளைவிட அதைத்தான் நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

சினிமாவைப் பற்றி எனக்கு இப்போதும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிப் பெயர் போகும்வரை எழுந்திருப்பதில்லை. போன வாரம் அரங்கைப் பெருக்க வந்த அம்மாள், "படம் முடிஞ்சிடுச்சிம்மா, கெளம்பு" என்றார்.

"பேரு இன்னும் ஓடிகினு கீதே" என்றேன்.

அவரும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார்.