சைரன் அடிக்காத ஐந்து நாள்

மதினி,

உங்கள் பழைய போன் பேட்டரி உப்பி, மூடி பிளந்து, கம்பெனி கேட் அறை மேசையில் கிடக்கிறது. இனி தேறாது என்று சாத்தூர்க் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். சைரன் அடிக்க நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டு, அந்தச் சின்ன நிரல் மட்டும் மெமரி கார்டில் பிழைத்திருந்தது. புதுப் போனில் போட்டு ஓடவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஐந்து நாளாகியும் ஓடவில்லை.

எனக்குப் பட்டாசுக் கம்பெனி போர்மேன் வேலை தெரியும். இந்தக் கறுப்புத் திரை தெரியாது. ஓடச் சொன்னால் 'பெர்மிஷன் டினைடு' என்கிறது. யாரிடம் போய் அனுமதி வாங்க? போனைச் சுவரில் எறியக் கையை ஓங்கிவிட்டேன். உங்கள் மேலும் கோபம்தான். பாலிடெக்னிக் படித்தவர், ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? காய்ச்சல் என்று விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அப்படியே போய்விட்டீர்கள்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் வீட்டுக்காரர், என் அண்ணன், இன்னும் அதே அறையில்தான் வெடிமருந்து கலக்கிறார். சூடு ஏறினால் மருந்து தானாகவே பற்றிக்கொள்ளும். வேப்பமரத்தடிச் சென்சார் அனுப்பும் சூட்டைக் கேட்டில் இருக்கும் போன் பார்த்து, அளவு மீறினால் சைரன் அடிக்க வேண்டும். அது அடிக்காமல் அவர் எழுந்திருக்க மாட்டார். வாசலில் நின்று "போதும்ணே, வெளிய வாங்க" என்று கத்தினால், "இன்னும் சைரன் அடிக்கலையேலே. உங்க மதினி கணக்கு தப்பாது" என்கிறார். ஓடாத ஸ்கிரிப்டை நம்பி உட்கார்ந்திருக்கிறவரைத் தினமும் சண்டை போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

முதன்முதலில் இதை வைத்தபோதும் இதே பாடுதான். காலையில் நான் ஓடவிடுவேன், எட்டு மணிக்கு நின்றுவிடும். மூன்று நாள் வரி வரியாகப் பார்த்தீர்கள். "உங்க படிப்பு அம்புட்டுதானா மதினி?" என்று சீண்டினேன். நாலாம் நாள் நீங்கள் வேலை பார்த்த டவுன் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்து கேட்டிலேயே உட்கார்ந்தீர்கள். எட்டு மணிக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி ஆட்களின் போனை எல்லாம் வாங்கி, அணைத்து, பெட்டியில் போட்டார். கடைசியாக, ஸ்கிரிப்டு ஓடிக்கொண்டிருந்த உங்கள் பழைய போனையும் எடுத்து அணைத்துப் போட்டார். சாயங்காலம் பொறுப்பாக ஆன் செய்து சார்ஜில் வைப்பாராம்.

"கேட்டுல எந்தப் போனும் ஆன்ல இருக்கக் கூடாதுல்லா?" என்றார். நான் எகிறினேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"அவுகள ஏசாதீக. அவுக வேலையச் சரியாத்தான் பாத்திருக்காக."

என்னிடம் எப்போதும் ஒன்று சொல்வீர்கள்: "மெசின் சொல்றத மொதல்ல முழுசா வாசிங்க கொழுந்தனாரே, அப்புறம் திட்டுங்க." ஆறாம் நாள்தான் அதைச் செய்தேன். 'பெர்மிஷன் டினைடு' என்ற அந்த வரியிலேயே ஸ்கிரிப்டு இருக்கும் இடமும் இருந்தது. நான் அதை டவுன்லோடு போல்டரில் போட்டிருந்தேன். அங்கே இருக்கும் ஸ்கிரிப்டை இந்தப் போன் ஓட விடாதாம். ஸ்கிரிப்டை ஓட்டும் செயலியின் சொந்த போல்டருக்கு மாற்றி, ஓட அனுமதி கொடுத்ததும் ஓடியது. இந்த அற்பத்துக்கா ஐந்து நாள்!

பத்தேகாலுக்குச் சைரன் அடித்தது. அண்ணன் உடனே எழுந்து வந்து கைகால் கழுவினார்.

திரையில் இன்னொரு பிழை வந்திருந்தது. மெசேஜ் அனுப்ப அனுமதி வேண்டுமாம். சைரனுக்கு எதற்கு மெசேஜ் என்று எரிச்சலோடு ஸ்கிரிப்டில் அந்த வரியைத் திறந்தேன். சைரன் அடித்ததும் ஒரு எண்ணுக்கு மெசேஜ் போகிறது. உங்கள் எண். 'இந்நேரம் வெளிய வந்திருப்பாக' என்பதுதான் செய்தி. டவுன் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு தினமும் இதற்காகவா காத்திருந்தீர்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மதினி. உங்களைத் திட்டிய வாயை என்ன செய்ய?

உங்கள் எண்ணை எடுக்கக் கை வரவில்லை. ஆனாலும் எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டு, மெசேஜ் அனுப்ப அனுமதியும் கொடுத்தேன். என் போனும் பகல் முழுக்கப் பெட்டியில் அணைந்துதான் கிடக்கிறது. சாயங்காலம் ஆன் செய்ததும் மெசேஜ் வருகிறது. அதற்குள் அண்ணன் பைக்கில் என் பின்னால் ஏறி உட்கார்ந்து, "கெளம்புலே" என்கிறார். அந்த மெசேஜைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.