பன்னிரண்டு அடிக் காட்டில் ஒரு சாண் பொந்து

இயேசு மரி சூசை

விவேக் நகர், பெங்களூர்
19-12-2006

அன்பு மகள் மௌரீனுக்கு, குழந்தை இயேசுவின் காவல் உன்மேல் இருப்பதாக. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவுக்கு மட்டும் இந்தப் பனியில் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, நீ அந்தக் கனடா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா. பார், நலம் என்று எழுதிவிட்டேன், வழக்கமாக எழுதுகிற வரி என்பதால் கை தானாக எழுதிவிட்டது. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் புத்தி இல்லை, நேற்று சோற்றை வடிக்காமல் அப்படியே குழைய விட்டுவிட்டேன், ஏன் இப்படி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. வழக்கம் போல எதிர்வீட்டு ராதாவிடம் சொல்லி ஈமெயில் அடித்திருக்கலாம், ஆனால் இது ராதா கையால் அடிக்கிற விஷயம் இல்லை. தபால் உன்னிடம் வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் கிறிஸ்துமஸ் அன்று நீ போன் பண்ணியிருப்பாய், என் குரல் ஒரு மாதிரி இருந்திருக்கும், சளி என்று சொல்லியிருப்பேன். சளி இல்லை மௌரீன்.

நீ அக்டோபரில் அனுப்பிய சி.டி.யிலிருந்துதான் எல்லாம். அதில் அந்தக் காட்டுப் படம் இருந்ததே, பெரிய பெரிய மரங்கள், வேர்கள், பாசி, நடுவில் மஞ்சள் கவுன் போட்ட சின்னப் பெண் கையில் விளக்கோடு குனிந்து எதையோ தேடுகிற படம். ராதா அதைத் தபால் அட்டை அளவுக்கு அச்செடுத்துக் கொடுத்தாள், நான் அதை மாதா படத்துக்குக் கீழே செருகி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் நம் தெருக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் நீலக் காகிதம் ஒட்ட வேண்டாம், ஃப்ளெக்ஸ் வைக்கலாம் என்று ரெமிஜியஸ் அங்கிள் சொன்னதும் நான்தான் வாயைத் திறந்தேன், என் மகள் வரைந்தது இருக்கிறது என்று. குடில் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் அவர் எதையும் என்னிடம் கேட்டுத்தான் செய்வார், ஆனாலும் படத்தைப் பார்த்துவிட்டு, என்னக்கா, பெத்லகேம்ல ஏதுக்கா இவ்ளோ மரம், அது பாலைவனமாச்சே என்றார். அதற்கு ஜூடித் ஆன்ட்டி, போன வருஷம் உங்க குடில்ல யானை நின்னுச்சே ரெமிஜியஸ், அது மட்டும் பெத்லகேம்ல இருந்துச்சா என்றாள். அந்தப் பெண் பாலன் இயேசுவைத்தான் விளக்கு வைத்துத் தேடுகிறாள் என்று அவரே பிறகு ஒரு அர்த்தமும் சொல்லிவிட்டார்.

சிவாஜிநகரில் பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு நானும் அவரும் போனோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் உன் படத்தைத் திறந்துவிட்டுச் சொன்னார், அம்மா, எல்லாரும் போன்ல புடிச்ச போட்டோவக் கொண்டாந்து பத்தடி போடுன்னு உயிர வாங்குவாங்க, மூஞ்சி கட்டங்கட்டமா ஒடஞ்சிடும், இது அப்படி இல்ல, இத வரஞ்சவங்க ஒவ்வொரு எலைக்கும் கிட்டப் போயி வரஞ்சிருக்காங்க, பன்னண்டடி போட்டாலும் ஒடையாது, பக்கா. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நீயும் ஒரு தடவை போனில் சொல்லியிருக்கிறாய், ஒரு இலையைக் கம்ப்யூட்டர் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைவேன், பிறகு சுருக்கிவிடுவேன், யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் அங்கே இருக்கும் என்று. யாருக்கும் தெரியாததற்கு எதற்கடி கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று நான் கேட்டேன், நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்குக் காதில் கேட்கிறது.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து வந்து சவுக்குக் கட்டையில் கட்டி நிமிர்த்தினார்கள். நல்ல வெயில். பன்னிரண்டு அடி அகலம், எட்டு அடி உயரம், தெருவே ஒரு காட்டுக்குள் போய்விட்டது போல் இருந்தது, கன்னடத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து எஷ்டு சென்னாகிதே, எவ்வளவு அழகு என்று நின்று பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பிள்ளை வரைந்த மரம் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும் என்று வலது பக்கத்திலிருந்து மெதுவாக வந்தேன். நரிக்குட்டி, காளான், சிலந்தி வலையில் பனித்துளி, எல்லாம் பார்த்தேன். இடது ஓரத்துக் கடைசி மரத்தில் அடியில் ஒரு பொந்து. அட்டையில் அது மின்மினி போல ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸில் ஒரு சாண். உள்ளே ஒரு அடுப்பு, அதன் மேல் ஒரு பக்கம் நசுங்கிய செப்பு அண்டா. அதற்கு முன்னால் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு ஒருத்தி, வெள்ளைப் புள்ளி போட்ட ஊதாச் சேலை, பின்கழுத்தில் மாதா உத்தரியக் கயிறு, மடியில் காகிதக் கட்டு, ஒரு தாளை நெருப்புக்குள் நீட்டுகிறாள். அந்தத் தாளில்கூட எறும்பு அளவுக்கு ஒரு மரம் வரைந்திருக்கிறாய். அவளுக்கு மேலே, நம் வீட்டில் இருப்பது போலவே, மூன்று சட்டம் வைத்த வெண்டிலேட்டர். சட்டத்துக்கு நடுவில் இரண்டு கண். முகம் இல்லை, கண் மட்டும்.

ஜூடித் ஆன்ட்டி பக்கத்தில் வந்து, ஏய் எமரன்சி, இங்க பாரேன், பொந்துக்குள்ள ஒரு கெழவி அடுப்பெரிக்கிறா, உன்ன மாதிரியே கொண்ட போட்ருக்கா என்றாள், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து ராதா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ பார்த்திருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்ததை நீ அன்றைக்கே நின்று பார்த்திருக்கிறாய். டிபன் டப்பாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாயா, வெளியே துணி துவைக்கிற கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தாயா, எவ்வளவு நேரம் நின்றாய், பள்ளிக்கு எப்படிப் போனாய். மூன்று நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரைக் கேட்பது.

இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, உள்ளதை எழுதுகிறேன். அந்த வருஷம் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பதின்மூன்று வயது. காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றினால் மூன்றாம் நாள் மறுபடி வந்தது, மறுபடி விட்டு ஊற்றினோம், மறுபடி வந்தது. அப்பாவின் முகத்தில் எலும்பு தெரிந்தது. அப்போது ஜெபக்கூட்டத்தில் ஜூடித் ஆன்ட்டி, உங்க வீட்ல இருக்கக் கூடாதது ஏதோ இருக்கு எமரன்சி, நல்லாத் தேடிப் பாரு என்றாள். நான் தேடினேன். கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டியில் உன் படங்கள் இருந்தன, காடு, சூனியக்காரி, கொம்பு வைத்த மனிதன், இறக்கை வைத்த பெண்கள். எனக்கு வேறு என்ன தெரியும், நாலாம் வகுப்போடு நின்று ஜெபப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான், கொம்பு வைத்தவன் ஒருத்தன்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் தடவை அப்பாவுக்குத் தலைக்கு ஊற்றுகிற அன்று, நீ பள்ளிக்குப் போய்விட்டாய் என்று நினைத்து, அந்தப் படங்களை வெந்நீர் அடுப்பிலேயே வைத்தேன். ஒரு தாளுக்கு ஒரு அருள்நிறை மரியே சொல்லித்தான் வைத்தேன். நாற்பத்தேழு தாள், செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியில் ஆறு மணி மிச்சம் இருக்கும்போது தாள் தீர்ந்துவிட்டது, அதனால்தான் எண்ணிக்கை எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வைத்தேன். அதில் ஒன்றையாவது எடுத்து ஒளித்து வைத்திருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, இன்னொரு பொய் வேண்டாம், ஒன்றும் வைக்கவில்லை. காய்ச்சல் அதற்குப் பிறகு வரவே இல்லை. அதனால் அதைப் பாவம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, பாவசங்கீர்த்தனத்தில் பிள்ளையிடம் ஒரு சின்னப் பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன், அதற்குச் சாமியார் கொடுத்த அபராதம் மூன்று அருள்நிறைதான்.

பொய் என்ன என்று உனக்குத் தெரியும். பழைய பேப்பர்க்காரன் தெரியாமல் எடுத்துப்போய்விட்டான் என்றேன். அதுகூடப் போகட்டும் மௌரீன், எரித்ததுகூடப் போகட்டும், எனக்குத் தாங்க முடியாதது அடுத்த நாள் நடந்தது. நீ அழுதாயே என்று உன்னைக் கையைப் பிடித்து ஆஸ்டின் டவுன் பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கடையில் மூட்டை மூட்டையாகப் பிரித்துப் போட்டு ஒரு மணி நேரம் தேடினோம். கடைக்காரர் சலித்துக்கொண்டு, ஏம்மா அப்படி என்ன கலெக்டர் பத்திரமா, வேற வாங்கிக் குடுத்துட்டுப் போவியா என்று கத்தினார். நான் தேடுகிற மாதிரி நடித்தேன். உன் கை கருப்பாகிவிட்டது, மூக்கில் தூசி. நீயும் தேடினாய். இல்லாதது என்று தெரிந்துகொண்டே நீ எதற்குத் தேடினாய். எனக்காகவா. என் பொய் கலைந்துவிடக் கூடாது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை நீ எனக்காக நடித்தாயா. அந்த மஞ்சள் கவுன் பெண் குனிந்து குனிந்து எதைத் தேடுகிறாள் என்று இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரிகிறது, நேற்று முழுக்க நான் குடில் பக்கமே போக முடியவில்லை.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் உனக்கு எழுதக் கூடாது என்று தோன்றியது. அவர் காபியைக் கீழே வைத்தார். பிறகு, அந்த வெந்நீர்லயா நான் குளிச்சேன் என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வாரம்தான டாக்டர் மாத்திரைய மாத்துனாரு, உனக்கு ஞாபகம் இல்லியா என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கிற எனக்கு மாத்திரை மாறியது ஞாபகம் இல்லை. காய்ச்சல் நின்றது நிஜம், எதனால் நின்றது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் பேன்ட் மாட்டிக்கொண்டு குடிலுக்குப் போய், அந்த மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், பசியில்லை என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மதியமே நான் ரெமிஜியஸ் அங்கிளிடம், இடது ஓரம் வெறுமையாக இருக்கிறது, மாட்டுத் தொழுவத்தை அங்கே நகர்த்தி வைக்கோலை உயரமாக அடுக்கலாமே என்று சொன்னேன், அவரும் சரிக்கா என்று அடுக்கினார், பொந்து மறைந்துவிட்டது, நேற்று அப்பாகூட வைக்கோலை விலக்கித்தான் பார்த்திருக்கிறார். இன்று காலையில் போய் எடுக்கச் சொன்னேன். ஏன்க்கா, நீங்கதான வெக்கச் சொன்னீங்க, இப்ப எடுக்கச் சொல்றீங்க, பேஜாராயிடுச்சு என்றார். அந்தக் கிழவி நான்தான், என் மகள் வரைந்த படங்களை நான் எரித்ததைத்தான் வரைந்திருக்கிறாள், மறைக்க வேண்டாம் என்றேன். அவர் வைக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் ஜூடித் ஆன்ட்டி இருந்தாள், நான் அப்படி எரிக்கவா சொன்னேன் என்று என்னிடம் கேட்டாள். இல்லை, தேடத்தான் சொன்னாய், எரித்தது நான் என்று சொன்னேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன் படம் தப்பு. சேலை சரி, உத்தரியம் சரி, அண்டாவின் நசுங்கல்கூடச் சரி. ஆனால் அந்தப் பொந்துக்குள் இருப்பவள் பல் தெரியச் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை மௌரீன், புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அருள்நிறை சொல்லிக்கொண்டிருந்தேன், வாய் அசைந்தது உனக்கு மேலிருந்து அப்படித் தெரிந்திருக்கும். இதை மாற்று என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி எழுதி இங்கே வருவதற்குள் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்மேல் நின்ற பிள்ளைக்குத் தெரிந்தது அதுதான் என்றால் அது அப்படியே இருக்கட்டும். நான் சிரிக்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும், போதும்.

கடைசிப் பூசை மணி அடித்துவிட்டது, அப்பாவுக்குத் தோசை ஊற்ற வேண்டும், முடிக்கிறேன். குளிருக்குக் கம்பளிக் கையுறை இல்லாமல் வெளியே போகாதே, ராப்பகலாகத் திரையைப் பார்க்காதே, ஞாயிறு பூசையை விடாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், அங்கிருந்தே பெற்றுக்கொள். இந்தக் கடிதம் வந்த பிறகு நீ போன் பண்ணும்போது அப்பா எடுத்தால் என்னைக் கூப்பிடச் சொல், நான் வருவேன், ஓடி ஒளிய மாட்டேன். திட்டு, அழு, பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டு வேண்டுமானாலும் இரு, நானும் இருக்கிறேன். ஆனால் பரவாயில்லைம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, இத்தனை வருஷமாக நீ அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

உன்னைப் பெற்றவள்,
எமரன்சி