பத்தாவது வளைவுக்கு மேலே ஒரு சமதளம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் சௌக்கியமா இருக்கோம். நீயும் நல்லா இருக்கேன்னு ஃபோன்ல சொல்றே, ஆனா அந்தக் குரலை நான் நம்பலை, அதனாலதான் இந்தக் கடிதம். ரெண்டு வார்த்தை கூடப் பேசினா ட்யூட்டிக்கு நேரமாச்சும்மான்னு வச்சிடறே, காகிதத்தை அப்படி வைக்க முடியாது பாரு. இங்க உன் அறையில ஜன்னலோரச் சுவரெல்லாம் ஈரம் பூத்துப் போச்சு, பெயிண்டர் வந்து சுரண்டி அடிச்சுக் கொடுத்தார். வெள்ளை கேட்டா பழுப்பா ஒண்ணு அடிச்சுட்டு, காய்ஞ்சா வெளுத்துடும்கறார். பத்து நாளாச்சு, பழுப்பு பழுப்பாவேதான் இருக்கு. சித்திக்கு மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா. ஒரு இடத்துல உக்காருன்னா அவளுக்கு ஜெயில்ல போட்ட மாதிரி.

பெரிய செய்தி என்னன்னா அப்பா ஓட ஆரம்பிச்சிருக்கார். சிரிக்காதே. டாக்டர் கொழுப்பு ரிப்போர்ட்டைக் காட்டிக் கொஞ்சம் கறாராப் பேசிட்டார், மறுநாளே போய் ஷூ வாங்கிட்டு வந்தார். ஓட்டம்னா நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல ஒண்ணு, குழந்தைங்க கூட அவரைத் தாண்டிப் போகுதுங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டின அதே மலை ரோடுதான், கீழ்ப் பாலத்துலேர்ந்து மேல் ஊர்க் காவல் கோபுரம் வரைக்கும் ஓடிட்டு, திரும்பும்போது பஸ் பிடிச்சு வந்துடுவார். வளைவு வந்தா இங்க ரெண்டாவது கியர், இங்க முதல் கியர்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஏறுவாராம். இத்தனை வருஷம் அந்த ஊருங்க வழியா வண்டி ஓட்டியும் ஒரு ஊருக்குள்ளயும் கால் வச்சதில்லையேன்னு அவருக்கே ஆச்சரியம். மேல் ஊர்ல எல்லாம் நானூறு வருஷத்துக் கல் வீடுங்களாம், குனிஞ்சுதான் நுழையணுமாம், ஒவ்வொரு நிலைப்படிக்கு மேலயும் கட்டின வருஷம் செதுக்கியிருக்காம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வருஷமா ஒப்பிப்பார், நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே உம் கொட்டுவேன்.

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போது ஒரு நாள் காவல் கோபுரத்து வாசல்ல மூச்சு வாங்கி நின்னிருக்கார். அங்க சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு டிக்கெட் கொடுக்கிற அம்மா, என் வயசு இருக்கும், ஒரு டம்ளர் தண்ணி கொடுத்திருக்காங்க. அப்பாவுக்குப் பெருமை தாங்கலை, இந்த ரோட்ல முப்பது வருஷம் ஓட்டினவன் நான்னு சொல்லியிருக்கார். எந்த வண்டின்னு கேட்டிருக்காங்க. காலையில முதல் வண்டின்னாராம். அவங்க டம்ளரை வாங்கி வச்சுட்டு, அப்போ அன்னிக்கு வந்தது நீங்கதான்னாங்களாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால நல்ல மழையில, நெஞ்சு வலின்னு சொன்ன வீட்டுக்காரரோட பத்தாவது வளைவு ஓரத்துல நின்னு அவங்க கை காட்டியிருக்காங்க. மேல் ஊரைத் தாண்டி அந்தப் பக்கமா வண்டி டவுனுக்கு இறங்கும், அதுல போயிடலாம்னு. வண்டி நிக்காமப் போயிடுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் கீழ நடந்திருக்காங்க, பாதி வழியில அவர் ஒரு மதகு மேல உக்காந்தவர் எழுந்திருக்கலை. இதையெல்லாம் அந்த அம்மா குரலை உசத்தாம, பஸ் டைம் சொல்ற மாதிரி சொன்னாங்களாம்.

நாலு நாள் அப்பா ஷூவைத் தொடலை. அஞ்சாம் நாள்தான் என்கிட்ட சொன்னார். அந்த நாளே எனக்கு ஞாபகம் இல்லை, அதுதான் தாங்க முடியலைன்னார். நான் விடுவேனா, கூட்டம் பிதுங்கின வண்டி, மழை, செங்குத்தா ஏத்தம், நிறுத்தினா பின்னாடி உருண்டிருக்கும், அத்தனை பேர் உயிர் உங்க கையில இருந்துது, உங்க தப்பு ஒண்ணுமே இல்லைன்னு அடுக்கினேன். ஆமாம், அந்த இடத்துல நிறுத்த முடியாதுதான்னு தலையாட்டினார். மறுநாள் ஓடப் போயிட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்தார், முகமே சரியில்லை. பத்தாவது வளைவைத் தாண்டி முப்பது அடியில ஒரு சமதளம் இருக்குன்னார். ஒரு பஸ் தாராளமா நிக்கலாமாம். சீட்ல உக்காந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவனுக்குத் தெரியலை, ஓடி ஏறும்போது அந்த இடத்துல மூச்சு லேசாச்சு, அதனால கால் கண்டுபிடிச்சுதுன்னார். மூணு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாராம். நிறுத்தியிருக்கலாம், போய் அவங்ககிட்ட சொல்லப் போறேன்னார். இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க ஆறின புண்ணைக் கிளறிக்கிட்டுன்னு எவ்வளவோ தடுத்தேன், கேக்கலை. எனக்குப் பயமா இருந்தது, நானும் பஸ் ஏறிப் போய்க் கோபுரத்துக்கிட்ட நின்னுக்கிட்டேன்.

அப்பா சுத்தி வளைக்கலை. நிறுத்தியிருக்கலாம்மா, கொஞ்சம் மேல சமதளம் இருக்கு, நான் பார்க்கலைன்னார். அந்த அம்மா டிக்கெட் கட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அழுதாங்க. என் வீட்டுக்காரர் அடுத்த வண்டி வரைக்கும் உக்காந்திருக்கலாம்னுதான் சொன்னார், ரெண்டு மணி நேரம் ஆகும், நடந்துடலாம் வாங்கன்னு இழுத்துட்டுப் போனவ நான், இதை இன்னிக்கு வரைக்கும் என் பிள்ளைங்ககிட்டகூடச் சொன்னதில்லைன்னாங்க. மன்னிச்சேன்னு அவங்க சொல்லலை, அப்பாவும் கேக்கலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, சரி, பாதி உங்களோடது, பாதி என்னோடதுன்னாங்க. அதுக்குள்ள கோபுரம் பாக்க ஒரு குடும்பம் வந்துடுச்சு, எழுந்து போய் டிக்கெட் கிழிச்சுக் கொடுத்தாங்க. நாங்க கிளம்பும்போது, நாளைக்கு வந்தா சந்து வழியா ஓடாதீங்க, கல்லெல்லாம் பாசி பிடிச்சு வழுக்குது, சுத்தி வாங்கன்னு அப்பாகிட்ட சொன்னாங்க. இப்போ தினமும் சுத்தித்தான் போறார்.

கண்ணு, உனக்குப் புத்தி சொல்றதுக்காக இதை எழுதலை. போன மாசம் உன் வார்டுல ஒரே நேரத்துல ரெண்டு பெட்ல மணி அடிச்சுது, நீ ஒரு பெட்டுக்குப் போனே, இன்னொரு பெட்ல இருந்த பெரியவர் போயிட்டார்னு சொன்னியே. நீ முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள உன் தப்பு ஒண்ணுமே இல்லைடி, தூங்குன்னுட்டேன். அதுக்கப்புறம் ஒரு வரிக்கு மேல அந்தப் பேச்சை நீ எடுக்கலை. அப்பாகிட்டயும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கேன்னு பஸ்ல திரும்பி வரும்போதுதான் உறைச்சுது. ஆறுதல் சொல்றதா நினைச்சு உன் வாயை அடைச்சுட்டேன். தப்பு உன்னோடதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும், நான் அங்க இல்லையே. இனிமே நீ சொல்லு, முழுசும் சொல்லு, குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்தப் பெரியவரோட பொண்ணு உன்னைப் பாக்கணும்னு ரெண்டு தடவை கேட்டு அனுப்பியும் நீ தட்டிக் கழிக்கிறேன்னியே, போய்ப் பாரு. என்ன சொல்றதுன்னு ஒத்திகை பாக்காம போ. அவளுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. ட்யூட்டி முடிஞ்சு வந்ததும் காலை வெந்நீர்ல வை. எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் எப்பவும் உன் கூடவே இருக்கு, உனக்கு ஒரு குறையும் வராது. கடைசியில தானும் ரெண்டு வரி எழுதணும்னு அப்பா பேனாவைப் பிடுங்கறார்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா

பாப்பா, ஞாயித்துக்கிழமை காலையில கூப்பிடு. அன்னிக்கு ஓடப் போகலை, வீட்லதான் இருப்பேன். அம்மாகிட்ட கொடுக்க மாட்டேன், நானே பேசறேன்.
அப்பா