தீ மிதித்த பாதத்துக்கு ஒரு மேல்முறையீடு

பாடாங் செராய்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் உமாராணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகனும் பேத்தி ரூபினியும் மீரியில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், மற்றபடி எனக்கு உடம்பு முழுக்க எரிச்சல். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே "விடுங்கம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்பாய், எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பாரு. முழுக்கப் படி.

அப்பாவின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆகிவிட்டது. போன வருஷம் இடது காலில் இரண்டு விரலை எடுத்த பிறகு, இது ஆர்மியில் பட்ட காயத்தால் வந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தோமே, அதற்கு முதலில் சர்க்கரை நோயாக இருக்கும் என்று எழுதினார்கள். உன் அப்பா தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிற ஆள், இன்று வரை ரத்தத்தில் சர்க்கரை கிடையாது. அந்த ரிப்போர்ட்டை வைத்து மேல்முறையீடு செய்தோம். சரி, சர்க்கரை இல்லை என்று ஒப்புக்கொண்டு, இப்போது வேறு கதை எழுதியிருக்கிறார்கள். தொண்ணூற்று இரண்டில் இவர் தீ மிதித்திருக்கிறார், ஆகவே அப்போது பாதம் நன்றாகவே இருந்தது என்று ஒரு வரி. அடுத்த வரியில், தீ மிதித்ததால் பாதம் கெட்டது, அதற்கு ஆர்மி பொறுப்பில்லை என்று. நல்ல பாதம் என்பதால் மிதித்தாராம், மிதித்ததால் கெட்டதாம். குழுவில் படித்தவர்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருவருக்காவது சிரிப்பு வந்திருக்காதா?

தீ மிதித்தது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான்தான் கொடுத்தேன். அவர் தீ மிதிக்கும்போது எடுத்த படத்தை நானே போய் என் கையால் ஃபைலில் வைத்தேன். எண்பத்து நான்கில் நீ என் வயிற்றில் இருந்தாய், பாலிங்குக்கு மேலே தாய்லாந்து எல்லைக் காட்டில் முன்னால் நடந்தவர் கண்ணிவெடியை மிதித்துச் செத்துப்போனார், பின்னால் வந்த அப்பாவுக்கு முழங்காலுக்குப் பின்பக்கம் இரும்புத் துண்டுகள் ஏறின. ஆர்மி ஏட்டில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, இடது காலில் காயம், ஏழு நாள் ஓய்வு என்று. மனுஷன் இரண்டு காலோடு நடந்து வந்தால் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பார் என்று நேர்ந்துகொண்டது நான். அவர் ஆர்மியை விட்டு வந்த மறு வருஷம் அந்த நேர்த்திக்கடனை முடித்தார். காயம் அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டால் ஒருத்தி இப்படி நேர்ந்துகொள்வாளா, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன். நம் ஆட்களாக இருந்தால் புரிந்திருக்கும். அந்த மேசையில் நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும்?

நேற்று முன்தினம் பஸ் ஏறி அந்தக் குழுவின் அலுவலகத்துக்கே போய்விட்டேன். கௌண்டரில் ஒரு மலாய்ப் பிள்ளை, நல்ல பிள்ளை, நான் போட்ட சத்தத்துக்கு எனக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தது. என்னை அத்தை முறை வைத்து, "மக்சிக், குழு ஆளைப் பார்க்காது, ஃபைலைத்தான் பார்க்கும், நேரில் வர வேண்டும் என்று எழுதிக் கேட்டால்தான் கூப்பிடுவார்கள்" என்றது. பதின்மூன்று வருஷம் துப்பாக்கி தூக்கியவரை ஒரு தடவை உட்கார வைத்துக் காலைக் காட்டு என்று சொல்லவில்லை உமா! காகிதத்தைப் பார்த்துக் காலுக்குத் தீர்ப்பு. இதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிகிறது. இன்னும் ஒரே ஒரு மேல்முறையீடு பாக்கி, அதுதான் கடைசி. பழைய கதையையே திரும்ப எழுதினால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள், புதிய சாட்சி வேண்டும் என்றும் அந்தப் பிள்ளை சொன்னது.

புதிய சாட்சி நம் வீட்டிலேயே முப்பது வருஷமாக இருக்கிறது. அன்று மற்றவர்கள் ஓடிக் கடந்த நெருப்பில் அப்பா நிதானமாக நடந்தார், ஞாபகம் இருக்கிறதா? ஆத்தா அவருக்குப் பூவாக விரித்தாள் என்று ஊரே காலில் விழுந்தது. அது அருள் இல்லை. கண்ணி வெடித்த நாளிலிருந்து அந்தப் பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. சொன்னால் ஆர்மியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று அங்கேயும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. மறுநாள் காலை குழாயடியில் உள்ளங்கால் தோல் உரிந்து வந்தபோதுதான் எனக்கே தெரியும். வெந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது. யாரிடமும் மூச்சு விடாதே என்றார், நானும் விடவில்லை. நல்ல பாதம் என்பதற்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொண்டார்களே, அந்தப் படம்தான் பாதம் செத்திருந்தது என்பதற்கே ஆதாரம்.

இதைக் குழுவில் சொல்லுங்கள் என்றேன். "ஆத்தா பேரை நான் கெடுக்கணுமா, ஊரு சிரிக்கும்லா" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை, ஆத்தாவுக்குத் தெரியாத எதை நீங்கள் மறைக்கிறீர்கள் என்று கத்தினேன். இன்று காலை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், தலைவர் அய்யாவுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். அய்யாவு தலையைக் குனிந்துகொண்டு, "தெரியும்ணே, அன்னைக்கு உங்க பின்னாடி வந்தது நான்தானே, கருகின வாடை வந்துச்சு" என்றார். முப்பது வருஷமாக உன் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவரையும் திட்டினேன். திட்டும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. குழுவுக்கு வந்து அதைச் சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நேரில் வர வேண்டும் என்று கேட்டு நானும் எழுதிவிட்டேன்.

இப்போது உன் மேல் இருக்கிற கோபம். போன வாரம், நல்ல செருப்பு வாங்க நான் அனுப்புகிறேன், இந்த அலைச்சல் எதற்கு என்றாய். செருப்பு நீ வாங்கித் தருவாய். இந்தக் கால் நாட்டுக்காக நடந்து போனது என்கிற ஒரு வரியை நீ எழுதித் தர முடியுமா? அது அவர்கள்தான் எழுத வேண்டும். எழுத வைக்காமல் நான் விடப்போவதில்லை.

நீ, மருமகன், ரூபினி மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ரூபினிக்கு இருமல் மருந்தை நாளை நாளை என்று தள்ளாதே. அன்று குழாயடியில் தண்ணீர் ஊற்றியது நீ, உனக்கு ஏழு வயது. குழுவுக்கு நீயும் ஒரு சாட்சி. பார்த்ததை மட்டும் எழுது, சத்தியப் பிரமாணம் செய்து முத்திரை வாங்கி, இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கைக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்பு. வலிக்கலையாப்பா என்று நீ கேட்டாய், ஆத்தா இருக்கா கண்ணு, வலிக்காது என்றார், அதையும் எழுது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். அன்னைக்கு அவள் கேட்டதுக்கு நான் நிஜம் சொல்லலை, அதையும் சேர்த்து எழுது என்றார்.

உன் அம்மா,
ப. இராசாத்தி