பின்னாடி நான் இருக்கேன்னு சொன்னவளுக்கு

எனக்குப் பின்னால நின்ன என் ஜெபாவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். உயிரோட இருக்கும்போது கேட்டதுக்கே நீ உண்மையச் சொல்லல, இப்பவா சொல்லப் போற? நானே சொல்லுதேன், கேட்டுக்கோ. நேத்து ஃபைனல்ல நாங்க தோத்துட்டோம். உன் மவளை முதல் பாதி முழுக்க வெளிய உக்கார வச்சிருந்தது நான்தான்.

கோவம் வருதா? வரட்டும். எனக்கு நீ போன நாள்ல இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு. முன்னெல்லாம் உன்னைச் சவத்து மூதின்னு வாய் நிறையக் கூப்பிடுவேன், நீயும் சிரிச்சுக்கிட்டே 'என்னளா'ன்னு திரும்புவ. இப்ப உன்னை ஏசணும்னு உக்காந்தாலும் அந்த வார்த்தை மட்டும் வாயில வர மாட்டேங்கு.

இதை நாலு பேரு படிக்கத்தான் எழுதுதேன், அதனால அவங்களுக்கும் விளங்கணும். நீயும் நானும் பாளையங்கோட்டையில ஒரே காலேஜ்ல, ஒரே டீமுக்கு ஃபுட்பால் ஆடுனோம். நான் ஸ்டாப்பர், பந்தோட வாரவளை முதல்ல போய் முட்டுதவ. நீ ஸ்வீப்பர், எங்க எல்லாருக்கும் பின்னால, கோல்கீப்பருக்கு முன்னால, கடைசி ஆளா நிக்கவ. என்னைத் தாண்டி வந்துட்ட பந்தைக் கூட்டி அள்ளுததுதான் உன் வேலை. இப்ப நான் அதே காலேஜ்ல பி.டி. மேடம். உன் மவ கெசியா அங்கதான் படிக்கா, உன்னை மாதிரியே பின்னாலதான் ஆடுதா.

உன் சத்தம் ஞாபகம் இருக்கா உனக்கு? 'விடுளா கோமதி, ஏறிப் போ, பின்னாடி நான் இருக்கேன்!' கிரவுண்டுக்கு வெளிய ரோட்டுல போறவன்கூட நின்னு பாப்பான். அதை நம்பித்தான் நான் எவ கால்லயும் துணிஞ்சு போய் விழுந்தேன். 'ஒரு தடவையாவது பின்னாடி திரும்பிப் பாரும்மா'ன்னு அப்ப இருந்த கோச் தலையில அடிச்சுக்கிடுவாரு. எனக்குப் பாக்கணும்னு தோணுனதே இல்ல.

கல்யாணம் ஆன பொறவும் அப்படித்தான இருந்தோம்? எங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ வந்து நின்ன. என் வேலைக்குச் சிக்கல் வந்தப்ப நீ வந்து நின்ன. எனக்குப் பிள்ளை இல்லன்னு எவளோ ஒருத்தி விசேச வீட்டுல வச்சுச் சொன்னப்ப, கெசியாவைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டுட்டு, 'இவளுக்குப் பெரியம்மா நீதான், போதுமா'ன்னு சத்தமாச் சொன்ன. எல்லாத்தையும் சத்தமாச் சொல்லுதவ நீ. இதை மட்டும் ஏன்ளா சொல்லல?

'உடன்குடிக்குப் போறேன், மாமியாருக்கு மேலுக்குச் சரியில்ல'ன்னு சொல்லுவ. மூணு வாரத்துக்கு ஒருக்கா போவ. 'மாமியார் மேல திடீர்னு என்னளா இம்புட்டுப் பாசம்'னு நான் கேலி பண்ணுவேன். திரும்பி வரும்போது ஓலைப்பெட்டியில கருப்பட்டி கொண்டாந்து தருவ. நானும் அதுல காப்பி போட்டுக் குடிச்சுக்கிட்டு, 'உடன்குடிக் கருப்பட்டின்னா சும்மாவா'ன்னு எதுத்த வீட்டுக்காரிகிட்டப் பீத்திக்கிட்டுக் கெடந்தேன். நீ போனது உடன்குடிக்கு இல்ல, மதுரை கேன்சர் ஆஸ்பத்திரிக்கு.

மெலிஞ்சிட்டியேன்னு கேட்டதுக்குச் சுகருன்னு சொன்ன. ஞாயித்துக்கிழமை வந்தா முக்காடு போட்டுக்கிட்டு வருவ, 'சர்ச்சுல இருந்து நேரா வாரேன்'னு சொல்லுவ. உங்க சபையில எல்லாரும் முக்காடு போடுவாங்க, எனக்கென்ன தெரியும்? முக்காட்டுக்குள்ள முடி இல்லன்னு நான் எப்படிளா கண்டுபிடிக்க?

ஸ்போர்ட்ஸ் டேக்கு கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு இருந்தேன், போன் வந்துச்சு. கையெல்லாம் சுண்ணாம்போடதான் உன் வீட்டுக்கு ஓடியாந்தேன். உன் வீட்டுக்காரரு வாசல்ல நின்னாவ. 'உனக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டா, கோமதி'ன்னு சொன்னாவ. உள்ள நீ படுத்திருந்த. எனக்கு அழுகை வரல ஜெபா, சத்தியமாச் சொல்லுதேன், உன்னை எழுப்பி உக்கார வச்சு ரெண்டு அறை விடணும்போல இருந்துச்சு.

அதுக்கு அடுத்த சீசன்லயே டீம்ல ஸ்வீப்பரே வேண்டாம்னு எடுத்துட்டேன். நாலு பேரை ஒரே வரிசையா நிறுத்துனேன். எதிராளி பந்தைத் தூக்கிப் போட ஓங்குதப்ப நாலு பேரும் ஒண்ணா முன்னால ஏறணும். ஏறுனா அவ ஆளு எங்க வரிசைக்குப் பின்னால தனியா நின்னு ஆஃப்சைடுல மாட்டிக்கிடுவா, அவ போடுத கோல் செல்லாது. ஒருத்தி மட்டும் பின்தங்கி நின்னாலும் போச்சு, அவளால எதிராளிக்கு வழி தெறந்துரும். 'மேடம் பழைய ஆட்டத்தை விட்டுட்டு இந்தக் காலத்து ஆட்டத்துக்கு வந்துட்டாங்க'ன்னு பிரின்சிபால் மீட்டிங்லயே பாராட்டுனாங்க. நானும் தலையாட்டிக்கிட்டேன்.

உனக்குத் தெரியும்லா ஏன்னு? பின்னாடி இருக்கேன்னு சொல்லுதவளை நம்பி எந்தப் பிள்ளையும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் விசயம்.

அந்த நாலு பேருல ஒருத்தியா உன் மவ வந்து சேந்தா. உசரம் உண்டு, பந்து எங்கன விழும்னு முன்கூட்டியே தெரியுது, இடது காலும் நல்லா வருது. ஆனா ரெண்டு கொறை. மத்த மூணு பேரு ஏறுனா இவ அரை அடி பின்னாலயே நிப்பா. அப்படி நிக்கேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டா. வரிசையில நிக்கவ ஊமையா இருந்தா அந்த வரிசை எதுக்கு?

செமிஃபைனல்ல அதுதான் நடந்துச்சு. எங்க கேப்டன் இசக்கி, 'ஏறு!'ன்னு கத்துனா. மூணு பேரு ஏறுனாளுக, கெசியா நின்னுட்டா. எதிராளி ஓடி வந்து சாவகாசமா கோல் போட்டுட்டுப் போனா. எப்படியோ டைபிரேக்கர்ல தப்பிச்சோம். முடிஞ்சதும் கூப்பிட்டு, 'ஏன் ஏறல?'ன்னு கேட்டேன். 'பந்து தாண்டிப் போயிட்டா பின்னாடி யாரு இருக்கா பெரியம்மா?'ன்னு கேக்கா. கிரவுண்டுல மேடம்னுதான் கூப்பிடுவா, அன்னைக்குப் பெரியம்மான்னுட்டா.

'சரி, ஏறாட்டிப் போ, நான் நிக்கேன்னு கத்தித் தொலைக்க வேண்டியதுதான?'ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

ஃபைனலுக்கு அவ பேரைச் சொல்லல. வேற ஒரு பிள்ளையைப் போட்டேன். சாயங்காலமே உன் வீட்டுக்காரரு கிரவுண்டுக்கு வந்துட்டாவ. 'தாயில்லாப் பிள்ளை, கோமதி. நீயே இப்படிச் செய்யலாமா?'ன்னு கேட்டாவ. எனக்கு எங்கன இருந்துதான் அப்படி வந்துச்சோ! 'வரிசையில நிக்கவ வாயத் தொறக்கணும் அண்ணே, உங்க வீட்டுலதான் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாதே'ன்னுட்டேன். அண்ணன் பைக்கைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாவ.

நேத்து மத்தியானம் ஆட்டம். தூத்துக்குடிப் பக்கத்து டீமு. அவங்க முன்னால ஆடுதவ ஒருத்தி, கட்டையா இருப்பா, ஓடுனா பிடிக்க முடியாது. இசக்கி ஏறச் சொன்னா, நாலு பேரும் அளவெடுத்த மாதிரி ஒண்ணா ஏறுனாளுக. நான் சொல்லிக் கொடுத்தபடியேதான் செஞ்சாளுக. அந்தக் கட்டைப் பிள்ளை கொஞ்சம் பொறுத்து, பந்து கெளம்புன பொறவு ஓடுனா. ஆஃப்சைடுன்னு கொடி ஏறல. எங்க பிள்ளைகளுக்குப் பின்னால எம்புட்டு இடம் கெடந்துச்சு தெரியுமா? ஒரு ஈ காக்கா இல்ல. கோல்.

இடைவேளையில தண்ணி குடிச்சுக்கிட்டே இசக்கி, 'மேடம், பின்னாடி ஒரு ஆளு நின்னா நான் தைரியமாப் போயிருவேன்'னு சொன்னா. உன்னைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? பெஞ்சுல உக்காந்திருந்தவளைப் பாத்தேன். 'கெசியா, பூட்ஸைக் கட்டு'ன்னேன். 'எங்கன நிக்கட்டும்?'னு கேட்டா. 'உங்க அம்மா நின்ன எடத்துல நில்லு. ஆனா ஒண்ணு, நீ கத்தலைன்னா அடுத்த நிமிசமே வெளிய எடுத்துருவேன்'னேன்.

போனா. மொதல்ல சத்தமே இல்ல. மாத்துததுக்கு ஆளை எழுப்பிட்டேன் நான். அப்ப அந்தக் கட்டைப் பிள்ளை மறுபடியும் பந்தோட வாரா, இசக்கி போகவா வேண்டாமான்னு தயங்குதா. பின்னால இருந்து வருது சத்தம்: 'விடாதீங்கக்கா, ஏறிப் போங்க, பின்னாடி நான் இருக்கேன்!'

உன் தொண்டை, ஜெபா. அப்படியே உன் தொண்டை. மத்தவளா இருந்தா அழுதிருப்பா. எனக்கு உன் மேல கோவம்தான் வந்துச்சு. நான் அங்கனயே தரையில உக்காந்துட்டேன். அதுக்குப் பொறவு ஒரு கோல் விழல. நாங்களும் ஒண்ணு போடல. தோத்துட்டோம்.

எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிட்டாளுக, இவ மட்டும் பூட்ஸ் கயித்தை அவுக்காம உக்காந்திருந்தா. பக்கத்துல போய் உக்காந்தேன். அவளா பேசுனா. 'அந்தக் கருப்பட்டி உடன்குடிக் கருப்பட்டி இல்ல பெரியம்மா. மார்க்கெட்ல நான்தான் வாங்கியாருவேன். ஓலைப்பெட்டியில எடுத்து வச்சு அம்மாகிட்டக் குடுப்பேன். யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா'ன்னா. பொறவு கேட்டா, 'நான் உங்ககிட்டச் சொல்லியிருந்தா நீங்க அம்மாவை எப்படியாச்சும் காப்பாத்தியிருப்பீங்கல்லா?'

கேட்டியா உன் மவ கேட்டதை?

உன் நோவை நீ மறைச்ச, சரி. நான் தாங்க மாட்டேன்னு என்கிட்ட மறைச்ச, அதையும் ஒரு வழியா விட்டுருதேன். பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்த பிள்ளை வாயில ஏன்ளா பூட்டைப் போட்ட? அவ அம்மாவை அவதான் கொன்னுட்டான்னு நெனச்சுக்கிட்டு இம்புட்டு நாளும் சோறு தின்னுருக்கா, தூங்கியிருக்கா, என் முன்னால வந்து பந்து ஆடியிருக்கா. நான் என்னடான்னா அவளை வாயத் தொறக்கலைன்னு வெளிய உக்கார வச்சிருக்கேன். இது எல்லாத்துக்கும் நீதான் காரணம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னைக் காப்பாத்தியிருக்க மாட்டேன், தெரியும். டாக்டரால முடியாதது என்னால முடியுமா? ஆனா உன் மவ இந்தக் கேள்வியக் கேட்டிருக்க மாட்டா.

அவகிட்டச் சொன்னேன். 'உங்க அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். நீ கருப்பட்டி வாங்குன பிள்ளை, அம்புட்டுதான். உன் மேல ஒரு தப்பும் கிடையாது'ன்னு. அப்பதான் அழுதா. உன்னைக் குழியில வைக்கும்போது அழாதவ, கிரவுண்டுல, அத்தனை பேரு பாக்க, வாய்விட்டு அழுதா. நல்லா சத்தமா அழுன்னு சொன்னேன். வீட்டுல கொண்டு போய் விட்டேன், அண்ணன்கிட்ட மன்னிச்சிருங்கன்னு கேட்டேன். அவிய காப்பி போட்டுக் குடுத்தாவ. சீனிக் காப்பி.

அடுத்த சீசன்ல கெசியாதான் கடைசி ஆளு. நீ ஆடுனேங்கிறதுக்காக இல்ல, அவளுக்கு அந்த எடம்தான் சரியா வருது. பிரின்சிபால் கேட்டா, பழைய ஆட்டத்துக்கே திரும்பிட்டேன்னு சொல்லிக்கிடுதேன். உன் கல்லறைக்கு நான் இன்னும் வரல. இப்பவும் வாரதா இல்ல. உன்னை மன்னிச்சுட்டேன்னு பொய் சொல்ல எனக்கு வராது, அதெல்லாம் உனக்குத்தான் வரும்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். கெசியா எல்லாருக்கும் பின்னால நிப்பா, அவளுக்குப் பின்னால நான் நிப்பேன். எனக்கு ஒரு நோவு நொடின்னா முதல்ல அவகிட்டதான் சொல்லுவேன். அவ அழுதா கூட உக்காந்து நானும் அழுவேன். நான் போகவேண்டிய நாள் வந்தா உன்னை மாதிரிப் பைய நழுவ மாட்டேன். 'ஏளா கெசியா, நான் போறேன், இனி பின்னாடி ஆளு இல்ல, பாத்துக்கோ'ன்னு ஊரு கேக்கக் கத்திட்டுத்தான் போவேன்.

இப்படிக்கு,
உனக்கு முன்னால நின்னு ஒரு தடவையும் திரும்பிப் பாக்காதவ,
உன் மவளுக்குப் பெரியம்மா,
கோமதி