ஓர் அடுப்புக்கு ஒரு கை

பெரம்பலூர்
6.1.2025

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு,

என் விண்ணப்பத்தை உங்கள் குழு தள்ளிவிட்டது. ஏரிக்கரையில் இருக்கும் என் அறுபது சென்ட் நிலத்தை உலர்களம் போட இலவசமாகத் தருகிறேன் என்று எழுதியிருந்தேன். வேண்டாம் என்று கை தூக்கி முடித்துவிட்டீர்கள். இதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. மக்காச்சோளம் ஏற்றி வந்த வேல்முருகன் மூட்டையை இறக்கிக்கொண்டே, "ஒங்க களம் போச்சு மாமா" என்றான். என் கடையில், என் ஆட்களுக்கு முன்னால்.

போன் போட்டேன். குழு விஷயம் போனில் பேசமாட்டேன், தாளில் எழுதுங்கள் என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

ஏரியைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியதிலிருந்து ஊர்ப் பெண்களால் உள்ளே புல் அறுக்க முடியவில்லை, மாடு இறங்க முடியவில்லை. அதற்கு ஈடாகத்தான் ஓர் அறக்கட்டளை ஊருக்கு மானியம் தருகிறது. எதற்குச் செலவு செய்வது என்பதை ஊரே முடிவு செய்யட்டும் என்கிறது. நல்ல காரியம். ஆனால் இப்படிப் பணம் ஒரு தடவைதான் வரும். நம் ஊர்ச் சோளம் தார்ரோட்டில் காய்கிறது. பஸ் ஏறுகிறது, நாய் படுக்கிறது, கல்லும் ஈரமுமாக என்னிடம் வருகிறது. நாமக்கல் தீவன ஆலைக்காரன் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பி அனுப்புகிறான். களம் இல்லாமல் உங்களுக்கு விலை இல்லை. இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அங்கே யாருக்கும் தெரியாது.

"களம் அவர் நெலத்துல வந்தா தராசும் அவருதுதான் நிக்கும்" என்று கூட்டத்தில் மலர்கொடி சொன்னாளாம். நிற்கும். மறைக்கவில்லை. தர்மத்துக்குக் கொடுக்கிறவன் கோயிலுக்குக் கொடுப்பான். நான் வியாபாரி.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. அந்தக் கூட்டத்தில் எனக்குக் கை தூக்க உரிமை இல்லையாம். மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் தலைக்கட்டு வரி கட்டுகிறவன் நான். மாப்பிள்ளை திருப்பூரில் வேறு குடும்பமாகிப் போன நாளிலிருந்து உனக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். அந்த ஊரில் நான் யார் என்று உன் குழு எழுதிச் சொல்லட்டும்.

அண்ணிக்கு முட்டிவலி. மாடிப்படி ஏற என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. பொங்கலுக்குச் சீர் கொடுத்து விடுகிறேன். மஞ்சள்கொத்து உன் கொல்லையிலேயே இருக்கும்.

உன் அண்ணன்
ராசாங்கம்

*

நெடுங்கரை
13.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வேல்முருகன் கையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படித்தேன். கோபப்படாதீர்கள். குழு விஷயமாக யார் எழுதினாலும் சபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது நாங்கள் முதல் நாளே போட்ட விதி. முன்பு ஏரி தூர்வாரிய காலத்தில் ஒவ்வொருவரும் 'எங்கிட்ட போன்ல அப்படித்தான் சொன்னாரு' என்று சண்டை போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அண்ணியின் முட்டிவலிக்கு மேலே தாளை மடித்துக்கொண்டேன். அதை யாருக்கும் படிக்கவில்லை.

தராசு விஷயத்தைப் படித்ததும் மலர்கொடி, "ஒளிக்காம சொல்றாரு பாரு, அதுக்காவது ஒரு டீ வாங்கித் தரலாம்" என்றாள். சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை.

உங்கள் நிலம் ஏன் வேண்டாம் என்றால், அது கரையை ஒட்டி இருக்கிறது. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அங்கே கருவேல மரம் முழுக்கக் கூடு. சோளம் அடிக்கும் இயந்திரம் ஒரு நாள் ஓடினால் போதும், அத்தனையும் எழுந்து போய்விடும். தீபாவளிக்கே வெடி போடாமல் பிள்ளைகளை அடக்கி வைத்திருக்கிற ஊர் இது. பறவை போனால் மானியமும் போகும். இன்னொன்றும் பேசினார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். சரணாலய எல்லையில் இருப்பதால் அந்த நிலத்தை உங்களால் விற்கவும் முடியவில்லை, கட்டடம் கட்டவும் முடியவில்லை. "விக்காத சரக்க எங்க தலையில கட்டுறாரு" என்று தனம் அக்கா சொன்னார்.

நீங்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். குழுவில் தலைக்கட்டுக் கணக்கு இல்லை, அண்ணே. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. அதை வைத்தால் மலர்கொடி இல்லை, தனம் அக்கா இல்லை, நான் இல்லை. ஏரிக்குள் புல் அறுத்தவர்கள் முழுக்க நாங்கள்தான். அதனால் ஊரில் எரியும் அடுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கை என்று வைத்தோம். உங்கள் அடுப்பு பெரம்பலூரில் எரிகிறது. அவ்வளவுதான் காரணம்.

அண்ணிக்கு நொச்சித்தழை பறித்து அனுப்பியிருக்கிறேன். ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

தங்கை
வெற்றிச்செல்வி

*

பெரம்பலூர்
17.1.2025

தங்கை வெற்றிச்செல்விக்கு,

விக்காத சரக்குதான். தனத்திடம் சொல், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது நம் வீட்டில் முதல் நிலம். அப்பா காலம் முழுக்க அந்தக் கரையில் அடுத்தவன் வயலுக்கு மடை திறந்தார். மூட்டை தூக்கிய காசில் அந்த நிலத்தை நான் வாங்கியபோது சரணாலயம் என்ற பேச்சே கிடையாது. இப்போது அதற்குப் போய் நின்றால் வேலியைத் தொடாதே என்கிறார்கள். என் நிலத்தில் நான் திருடன் மாதிரி நிற்கிறேன். அதில் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், செல்வி. சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எரியும் அடுப்புக்கு ஒரு கை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அங்கே நம் பழைய வீடு என் பெயரில் பூட்டிக் கிடக்கிறது. வரும் ஞாயிறு உங்கள் கூட்டம். அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியும். உங்கள் விதிப்படியே ஒரு கை எனக்கு உண்டு.

இதையும் படித்துக்கொள்.

ராசாங்கம்

*

நெடுங்கரை
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று நடந்ததை உங்கள் கடையாள் தர்மராஜ் அண்ணன் உங்களிடம் எப்படிச் சொன்னார் என்று தெரியாது. நான் நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் உங்கள் கடை வண்டியில் கேஸ் அடுப்பும் சிலிண்டருமாக வந்து இறங்கினார். பூட்டு திறக்கவில்லை, கல்லால் உடைத்தார். வீடு முழுக்க வௌவால் எச்சம். நடுவீட்டில் அடுப்பை வைத்துப் பற்றவைத்துவிட்டு, மேலே வைக்க ஒன்றும் கொண்டுவராததால் பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு இரவல் கேட்டார். பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். நீங்கள் வெள்ளை வேட்டியோடு நேரே கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கினீர்கள்.

மலர்கொடி உங்களைக் கேட்டது ஒன்றுதான். "என்ன கொழம்புண்ணே இன்னிக்கி ஒங்க வூட்ல?"

நீங்கள் கையை இறக்கிவிட்டு வெளியே போனீர்கள். சிரிப்பு அடங்க நேரமானது. நானும் சிரித்தேன், அண்ணே. பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. தர்மராஜ் அண்ணன் போகும்போது அடுப்பை ஏற்றிக்கொண்டார், சொம்பைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அனுப்பி வையுங்கள். அந்த அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

என் வீடு அங்கிருந்து நாலாவது வாசல். மீன்குழம்பு வைத்திருந்தேன். நீங்கள் வருவீர்கள் என்றுதான் வைத்தேன்.

வெற்றிச்செல்வி

*

பெரம்பலூர்
23.1.2025

வெற்றிச்செல்விக்கு,

சொம்பு இத்துடன் வருகிறது.

இனி நெடுங்கரைச் சோளம் என் கடைக்கு வேண்டாம். வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொல். இது குழு விஷயம்தான். சத்தமாகவே படி.

ராசாங்கம்

*

நெடுங்கரை
18.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தைப் படித்தேன். வேல்முருகன், "கோவம் தீர்ற வரைக்கும் சோளம் காத்திருக்குமா?" என்று கேட்டான். காத்திருக்கவில்லை. தை முடியும் நேரத்தில் வந்த அந்த இரண்டு நாள் மழை உங்களுக்குத் தெரியும். ரோட்டில் கிடந்த சோளம் முழுக்க நனைந்தது. தார்ப்பாயை இழுத்து மூடி, அடியில் தண்ணீர் ஓடி, மூன்றாம் நாள் திறந்தால் முளை. செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். பாதி விலைக்குக் கேட்டார். கொடுத்தார்கள்.

அந்த மழையில் இரவு முழுக்க உங்கள் நினைவாகவே இருந்தது. களம் பற்றி நீங்கள் சொன்னது சரி. தராசு பற்றி மலர்கொடி சொன்னதும் சரி. இரண்டையும் எழுதி ஒரு தீர்மானமாகக் கொண்டுபோனேன்.

உலர்களம்தான் முதல் வேலை என்று ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிட்டது. மானியத்தில் கட்டுவோம். இடம் உங்கள் நிலம் இல்லை. பள்ளிக்கூடத்து ரோட்டில் ஊர்ப் பொது இடம், கரையிலிருந்து தள்ளி. தராசு குழுவுடையது.

உங்கள் நிலம் பற்றி மலர்கொடியே எழுந்து பேசினாள். "அந்த அறுவது சென்டுல தீவனப்புல் போட்டா எந்தப் பறவைக்கி என்ன? ஏரிக்குள்ளாற அறுக்கத்தான கூடாதுங்குறான், கரையில அறுத்துக்கலாம்ல. அண்ணங்கிட்ட குத்தகைக்கிக் கேளு செல்வி" என்றாள். வனத்துறை ஆபீசில் கேட்டுவிட்டோம். புல்லுக்குத் தடை இல்லையாம். கை தூக்காதவர் ஒருவரும் இல்லை. தனம் அக்காகூட.

அதனால் குழு உங்களிடம் கேட்கிறது. நிலத்துக்கு என்ன குத்தகை, களத்துச் சோளத்தை எந்த முறையில் எடுப்பீர்கள், தாளில் எழுதுங்கள். மார்ச் இரண்டாம் தேதி படிப்போம். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

இனி இது நம் விஷயம். குழுவுக்குப் படிக்க மாட்டேன்.

கோயில் வரி எனக்கும் சேர்த்துக் கட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அதற்கு நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் திருவிழாவில் பறை நிறுத்தி, "ராசாங்கம் வகையறா" என்று படிப்பார்கள். நீங்கள் போய் விபூதி வாங்குவீர்கள். நான் பின்னால் வகையறாவில் நிற்பேன். இந்த வருஷம் என் வரியை நானே கொண்டுபோனேன். "ஆம்பள பேரு சொல்லும்மா" என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். அன்று நீங்கள் கூட்டத்தில் கை தூக்கி நின்றபோது, மலர்கொடி குழம்பு கேட்டபோது, உங்கள் முகத்தைப் பார்த்தேன். கோயிலில் என் முகம் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணிக்கு நொச்சி தீர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

தங்கை
வெற்றிச்செல்வி

*

பெரம்பலூர்
26.2.2025

நெடுங்கரை ஊர்க்குழுவுக்கும், தங்கை வெற்றிச்செல்விக்கும்,

இந்தக் கடிதத்தில் மடிக்க வேண்டிய பகுதி எதுவும் இல்லை. முழுவதையும் படிக்கவும்.

பாதி விலைக்குச் சோளம் போனது என்று தெரிந்த அன்று நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். என் வீட்டுக்காரி கலையரசி என்ன என்று கேட்டாள். சொன்னேன். "ஒங்க வீம்புக்கு அவங்க சோளம் மொளச்சுது" என்றாள். ஒரு வாரமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் ஊர் வண்டி ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை. கடை கடையாக இல்லை.

அன்று கேட்ட கேள்விக்குப் பதில், மலர்கொடி. என் வீட்டில் அன்று குழம்பு இல்லை. வெறும் வெந்நீர்தான்.

இனி வியாபாரம். கறாராகத்தான் எழுதுகிறேன். இதில் குறைக்க ஒன்றும் இல்லை.

களத்துச் சோளம்: எடை உங்கள் தராசில். ஈரம் பார்க்கும் கருவி என்னுடையது. களத்திலேயே இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஈரம் பதினாலு சதவீதத்துக்குள் இருந்தால் அன்றைய பெரம்பலூர் விலை, கழிவு கிடையாது. அதற்கு மேல் இருந்தால் இன்னொரு நாள் காயப் போடுங்கள், நான் காத்திருக்கிறேன். ஏற்றுக்கூலி, லாரி வாடகை என் செலவு. என்னைவிட அதிகம் தருகிறவன் வந்தால் அவனுக்குக் கொடுங்கள். ஆனால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

கரை நிலம்: ஐந்து வருஷக் குத்தகை. புல் மட்டும். இயந்திரம் இறங்கக் கூடாது. முதல் வருஷம் வாடகை இல்லை, வேலியும் நடுவதற்கான புல்கரணையும் உங்கள் பாடு. இரண்டாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஆறாயிரம். ஊர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கட்டட ஆசை போன நிலத்துக்கு இது நியாயம். நான் நிலத்தைப் பார்க்க வந்தால் யாரும் என்னை என்ன வேலை என்று கேட்கக் கூடாது.

குழுவில் எனக்குக் கை வேண்டாம். அடுப்பு பெரம்பலூரில்தான் எரிகிறது.

கோயில் வரி: நாட்டாமையிடம் நேற்று போனில் பேசிவிட்டேன், அவர் உங்கள் குழு இல்லையே. ராசாங்கம் ஒரு தலைக்கட்டு, வெற்றிச்செல்வி ஒரு தலைக்கட்டு. இரண்டு வரி, இரண்டு ரசீது. பறை இரண்டு தடவை நிற்க வேண்டும். முடியாது என்றால் என் வரியும் கிடையாது, பந்தல் செலவும் கிடையாது என்றேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அவள் வரியை அவள்தான் கட்டுவாள், நான் கட்டமாட்டேன்.

கடைசியாக ஒன்று. எடை போடும் நாளில் எனக்கும் தர்மராஜுக்கும் மதியச் சோறு வெற்றிச்செல்வி வீட்டில். மீன் கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் ரசம் போதும்.

ராசாங்கம்